முள்ளு ஏறட்டும் மேஸ்திரி

கெளம்பலாம், கெளம்பலாம். இன்னா மேஸ்திரி அவ்ளோ அவசரம்? மொதல்ல அந்தக் கதவ இழுத்து சாத்துங்க. மெதுவா இல்ல, ஓங்கி. ஆங், அப்டி. நீங்க ஏறும்போதே மலைல இருக்கற குளிரு பூரா உங்க கூடவே ஏறிடுச்சி. இனிமே அத்த வெளிய தொரத்தணும்.

ஸ்டார்ட்லாம் ஆயிடுச்சி. கேக்குதில்ல, கடகடன்னு? ஓடிக்கினுதான் இருக்குது. ஓடுனா போதுமா? இத்த பாருங்க, ஸ்டீரிங்குக்குப் பின்னாடி, இன்ஜின் சூடு காட்டற இந்த முள்ளு. எங்க படுத்துக்கினு இருக்குது பாத்தீங்களா? அடி கோட்டுல. அது எழுந்து நடு கோட்டுக்கு வரணும். அது வர வரிக்கும் இந்த வண்டிய நான் நவுத்த மாட்டன். வெள்ளிமலைலேருந்து கீழ கச்சிராயபாளையம் எறங்கற வரிக்கும் வளைவு மேல வளைவு. பனி வேற மூடிக்கினு இருக்குது. இன்ஜினும் ஜில்லு, கண்ணாடியும் ஜில்லு, உள்ள உக்காந்திருக்கற நம்மளும் ஜில்லுன்னா, நேரா பள்ளத்துல போயிதான் குளிர் காயணும்.

கலையரசன் எடுப்பான், தெரியும். உங்க டிரைவரு சாவியப் போட்டதும் சர்ருன்னு எடுப்பான். அவன் சங்கராபுரத்து ரோட்டுல ஓட்டறவன். எதுக்க மாடு வந்தா ஆரன் அடிக்கறதுதான் அவனுக்குத் தெரிஞ்ச டிரைவிங்கு. மலைக்கு வந்த மொத குளிருக்கே வயித்தால போயி, ராஜாம்பாக்கா டீக்கடை பெஞ்சுல சுருண்டுக்கினு அம்மா அம்மான்னு மொனவறான். அதனாலதான ஆக்டிங் டிரைவர் எவனாச்சும் இருக்கானான்னு நீங்க கேட்டு, அந்தக்கா என்ன எழுப்பி அனுப்புனாங்க. உங்க வண்டி, உங்க டீசலு. ஆனா ஸ்டீரிங்கு இப்ப என் கைல. கொஞ்சம் பொறுத்துக்கணும்.

நீங்களே ஓட்டலாமே, ஏன் ஓட்டல? சரி சரி, கோவிச்சிக்காதீங்க. எல்லாரும் மலை ரோட்டுல ஓட்டணும்னு சட்டமா இருக்குது?

நடுங்காதீங்க மேஸ்திரி, பாக்கறதுக்கே பாவமா இருக்குது. தலைல மங்கி குல்லா, அதுக்கு மேல துண்டு, ஒடம்புல சொட்டரு. கால்ல பாத்தா ரப்பர் செருப்பு! கீழ்நாட்டுக்காரங்க அத்தினி பேருக்கும் இதே கதைதான். மண்டைய மட்டும் மூடிக்கினா குளிரு வழி தெரியாம திரும்பிப் போயிடும்னு நெனப்பு. அது கால் வழியா ஏறி முட்டில உக்காந்துக்குது. அப்பறம் மலைய திட்டறது.

அந்த சீட்டுல உக்காந்தா இன்னும் நடுங்கும். பின்ன, பிளாஸ்டிக்கு கவரு மேல உக்காந்தா? இது செகண்டு ஹேண்டு வண்டிதான? மொதல்ல வாங்குனவனும் கவரப் பிரிக்கல, நீங்களும் பிரிக்கல, நாளைக்கு உங்ககிட்ட வாங்கறவனும் பிரிக்க மாட்டான். உள்ள இருக்கற நல்ல சீட்டுல உக்காரற பாக்கியம் காயலாங்கடைக்காரனுக்குதான். எவ்ளோ பெரிய தியாகம்!

ஹீட்டரா? இருக்குதே. ஏன் இல்லாம? தோ, உங்க மூக்குக்கு நேரா இருக்குதே இந்த நாப், இதுதான். ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் செவப்பு. இந்த செவப்புப் பக்கம் பாருங்க, ஆஸ்பத்திரில ஒட்டற பிளாஸ்திரிய ஒட்டி வெச்சிருக்கான் உங்காளு. நாப்புக்கு இன்னா அடிபட்டுச்சா? யாரும் கை தவறி செவப்புப் பக்கம் திருப்பிடக் கூடாதாம். திருப்புனா இன்ஜின் பத்திக்குமாம். சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. ரவ இருங்க, நகத்தால சொரண்டி எடுக்கறன். நல்லா ஊறிப் போயி ஒட்டிக்கினு இருக்குது.

இவன் மட்டும் இல்ல மேஸ்திரி. தியாகதுருகத்துல கொளஞ்சியப்பன்னு ஒருத்தரு, கரும்பு, நெல்லு, ரைஸ் மில்லுன்னு பெரிய கை. மலைல எடம் வாங்கணும்னு வந்தவரு, அவருக்கும் நான்தான் ஆக்டிங்கு போனன். புது வண்டி, இன்னும் மாலை கூட வாடல. கரியாலூர் பக்கம் வந்ததும் அவருக்குப் பல்லு தந்தி அடிக்குது. நான் ஹீட்டர் போடட்டுமான்னு கேட்டன். உடனே கைய புடிச்சிக்கினாரு, வேணாண்டா தம்பி, அது டீசல் குடிக்கும்னு. ஏன் சார், ஏசிதான குடிக்கும்னன். உனக்குத் தெரியாது, ஏசிய கம்மியா வெய்யி, குளிரு கம்மி ஆவும்னாரு. மெய்யாலுமே மேஸ்திரி! மார்கழி மாசம், வெடியக்காத்தால, இந்த மலைல, ஏசிய ஒண்ணுல வெச்சிக்கினு, பொண்டாட்டி புள்ளைங்களோட போர்வைக்குள்ள உக்காந்துக்கினு வந்தாரு அந்த மனுசன். நான் சொல்லிப் பாத்தன். இன்ஜின் எப்டியும் சூடாவுது சார், அந்த வீணாப் போற சூட்டத்தான் இந்தப் பக்கம் திருப்பி உடறாங்க, ஒரு சொட்டு டீசல் ஜாஸ்தி ஆவாதுன்னு. அவரு பொண்டாட்டி பெரியநாயகி அம்மாதான் பின்னாடிலேருந்து சொன்னாங்க, டிரைவர் பேச்ச கேட்டா ஊரு போய் சேரணும்னு. நானும் ஏசிய ஒண்ணுலயே உட்டுட்டன். குளிருல வெறைக்கறதுல அவுங்களுக்கு ஒரு கௌரவம். நாம யாரு கெடுக்க?

ஆங், வந்துடுச்சி பிளாஸ்திரி. இப்ப திருப்பறன் பாருங்க. செவப்பு. பத்திக்கிச்சா? இல்ல. புளோயர ஒண்ணுல வெக்கறன். இல்ல, இப்ப ஜாஸ்தி வெச்சா பச்சத் தண்ணிய மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். உள்ள தண்ணி சூடாவட்டும். முள்ளு ஏறட்டும் மேஸ்திரி, முள்ளு ஏறட்டும்.

நாத்தமா? அடிக்கும். பொறந்ததுலேருந்து வேலையே செய்யாதவன திடீர்னு வேலை வாங்குனா அப்டிதான். உள்ள சேந்த தூசு கருவுது. ஐய்ய, இது இன்னா பறந்து வருது? மல்லாட்டத் தோலு! ஹஹ்ஹா. வண்டிய களத்துமேட்டுல நிறுத்துவீங்களா? எலி உள்ள கடல தின்னுக்கினு குடும்பம் நடத்தி இருக்குது. உங்க சொட்டரு மேல கூட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது பாருங்க, அந்தப் பக்கம். ஹீட்டர் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியல, எலிக்குத் தெரிஞ்சிருக்குது.

கண்ணாடிய எறக்காதீங்க! இவ்ளோ நேரம் சேத்த சூடெல்லாம் போயிடும். நாத்தம்தான, ரவ நேரத்துல போயிடும். நான் பட்டன லாக் பண்ணிட்டன், உங்க பக்கத்துலேருந்து எறங்காது. பின்னாடி பசங்க தூங்கறானுங்க, அவனுங்களுக்கு குளிரும்.

நல்லா தூங்கறானுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போர்வ. நேத்து நீங்க ஊத்திக் குடுத்தது அப்டி. இந்தப் பக்கம் வாயத் தொறந்துக்கினு இருக்கான் பாருங்க, அய்யப்பன். அப்பன் இல்லாத புள்ள. அந்தப் பக்கம் இளமாறன், பொன்னுரங்கத்தோட மவன். பொன்னுரங்கம் தெரியுமா உங்களுக்கு? பேரு தெரியாமதான் புள்ளைய இட்டுக்கினு போறீங்களா? சரி, சொல்றன் கேளுங்க. எப்டியும் முள்ளு ஏறணுமே.

போன வருசம் இதே பனில நாலஞ்சி பேரு கார்ல வந்தாங்க, மலை பாக்க. இங்க இன்னா இருக்குதுன்னு வராங்களோ. கோழி சுட்டுத் தின்னாங்க. மிச்சம் இருந்த கங்க இன்னா பண்ணாங்கன்னா, ஒரு இரும்புச் சட்டில அள்ளி, கார்க்குள்ள கால் வெக்கற எடத்துல வெச்சிக்கினு, கண்ணாடி எல்லாத்தயும் ஏத்திட்டு தூங்கிட்டாங்க. உள்ள சூடா இருக்கணுமாம்! கார்க்குள்ள அடுப்பு வெக்கறவன நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அது வெஷக் காத்து மேஸ்திரி, மூடுன எடத்துல கங்கு வெச்சா. நாத்தமும் இருக்காது, பொகையும் தெரியாது, தூங்கற மாதிரியே போயிடுவோம். காத்தால தேன் எடுக்கப் போன பொன்னுரங்கம் பாத்திருக்காரு. தட்டுனா ஒருத்தனும் அசையல. கல்ல எடுத்து கண்ணாடிய ஒடச்சி, ஒவ்வொருத்தனா இழுத்து வெளிய போட்டாரு. அதுல ஒருத்தனுக்கு வாயில நொர. எல்லாரும் பொழச்சிக்கினானுங்க. பொழச்சி எழுந்ததும் அந்த வண்டிக்காரன் கேட்ட மொத கேள்வி இன்னா தெரியுமா? கண்ணாடிய எவண்டா ஒடச்சதுன்னான்.

ஆமா. உசுரக் காப்பாத்துன ஆளுகிட்ட. பொன்னுரங்கம் துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு. நானா இருந்தா அந்தச் சட்டிய திரும்பி உள்ள வெச்சிட்டு கதவ சாத்தி இருப்பன். அப்டிப்பட்ட மனுசன் மவன்தான் பின்னாடி வாயில எச்சி ஒழுவ தூங்கறான். அந்த மனுசன் இப்ப மூட்டு வலியில படுத்த படுக்கை, ஏந்து நடக்க முடியாது. இல்லன்னா இவன் வண்டி ஏறி இருப்பானா?

குடகுலதான வேலைன்னு சொன்னீங்க. காப்பி எஸ்டேட்டு. தங்கறதுக்கு எடம், சோறு, எல்லாம் குடுப்பாங்கன்னு. நல்ல வேலைதான். நான் கேள்விப்பட்ட வரிக்கும் குடகுல குளிரு நம்ம மலைய விட ஜாஸ்தி. இந்தப் பசங்ககிட்ட சொட்டரு கூட இல்ல. சொல்லி இருக்கலாமே. இளமாறன் பொண்டாட்டி சுபஸ்ரீ மாசமா இருக்கா, அவ போர்வையத்தான் இவன் தூக்கிக்கினு வந்திருக்கான்.

இல்ல மேஸ்திரி, நான் ஒண்ணும் நோண்டல. வண்டி எடுக்கறதுக்கு மின்னாடி டயரு, ஸ்டெப்னி எல்லாம் பாக்கறது என் பழக்கம். ஸ்டெப்னி டிக்கில இருக்குது. அது மேல ஒரு சாக்கு இருந்துச்சி. நவுத்தனன், கணீர்னு சத்தம் வந்துச்சி. கோடாலி. காப்பிக்கு கோடாலி எதுக்குன்னு எனக்கு சத்தியமா புரியல. காப்பிச் செடி என் தோளு ஒசரந்தான இருக்கும்? கெளை வெட்டறதா? சரி. அவ்ளோ பெரிய கோடாலியால கெளை வெட்டுனா செடியே மிஞ்சாதே. எஸ்டேட்டுக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?

எனக்கு பூகோளம் வராது மேஸ்திரி, பள்ளிக்கோடத்துலயே வாத்தியாரு அடிப்பாரு. அதனால கேக்கறன். என்ன வேலூரு வரிக்கும்தான் ஓட்ட சொன்னீங்க. அங்க வேற வண்டி வந்து மாத்திக்கும்னீங்க. குடகு மேற்கால. வேலூரு வடக்கால. வேலூரு தாண்டுனா சித்தூரு, அதத் தாண்டுனா திருப்பதி. நடுவுல குடகு எங்க வருது? இல்ல, சாமி கும்புட்டுட்டு போறீங்களோ இன்னாவோ.

சரி, நான் டிரைவரு, எனக்கு எதுக்கு. கத்தாதீங்க, பசங்க எழுந்துக்குவானுங்க. அய்யப்பன் பொரண்டு படுக்கறான் பாருங்க.

செம்மரம்னு நான் எங்க சொன்னன்? நீங்கதான் இப்ப சொன்னீங்க. உங்க வாயால வந்துடுச்சி பாருங்க, என் வாயால வரல. ஆனா வந்ததால சொல்றன். இந்த மலைல ஒவ்வொரு ஊருலயும், ஒவ்வொரு வளவுலயும் ரெண்டு வூட்டுக்கு ஒரு வூட்டுல அந்த மரத்தால ஒரு ஆளு கொறயும். வெட்டறவன் இவனுங்க. ஓடறவன் இவனுங்க. சுடறது, புடிக்கறது, ஜெயில்ல போடறது எல்லாம் இவனுங்களத்தான். கூட்டிக்கினு போன மேஸ்திரி மட்டும் எப்பவும் பத்தரமா வேலூர்லயே வண்டி மாறிடுவாரு. கெட்டிக்காரத்தனம். அதுக்கு ஒரு கும்புடு போடணும்.

நீங்களே ஓட்டறீங்களா? தாராளமா. வாங்க, எடம் மாறிக்கலாம். ஆனா மொதல்ல முன்னாடி பாருங்க. இன்னா தெரியுது? ஒண்ணும் தெரியலதான? வெள்ளத் துணி கட்டுன மாதிரி இருக்குது. அது வெளிய இருக்கற பனின்னு நெனச்சீங்களா? பனி வெளிய, இது உள்ள. நம்ம நாலு பேரு மூச்சு. பின்னாடி ரெண்டு பேரு வாய தொறந்துக்கினு மூச்சு உடறானுங்க, நீங்க கோவத்துல உடறீங்க, எல்லாம் போயி ஜில்லுன்னு இருக்கற கண்ணாடில ஒட்டிக்குது. சைடு கண்ணாடியும் அப்டிதான், பின்னாடி கண்ணாடியும் அப்டிதான். இந்த நெலமைல மொத வளைவுல வண்டிய உட்டீங்கன்னா நேரா கோமுகி டேம்லதான் எறங்குவீங்க. ரோடு வழியா போறத விட சீக்கிரம்.

தொடைக்காதீங்க! அட, சொன்னா கேளுங்க. துண்டால தொடச்சா எண்ணெப் பிசுக்கு மாதிரி இழுவும். பாத்தீங்களா, இழுவிடுச்சா? மறுபடியும் மூடிக்கிச்சி. எல்லாரும் இதையேதான் பண்றீங்க. கையால தொட, துண்டால தொட, பேப்பரால தொட. உள்ள இருக்கற காத்து ஈரமா இருக்கற வரிக்கும் அது மூடிக்கினேதான் இருக்கும். அதுக்கு வழி வேற. எனக்குத் தெரியும். நேரம் வரும்போது பண்றன்.

இப்ப உள்ள எப்டி இருக்குது? குளிரு விட்டுடுச்சில்ல? உங்க காது செவந்துடுச்சி. குல்லாவ கழட்டுங்க. பாத்தீங்களா, ஹீட்டர் போட்டா எவ்ளோ சொகம். இந்த சொகத்த வெச்சிக்கினேதான் இத்தினி வருசமா வெறச்சிக்கினு மலை ஏறி எறங்கி இருக்கீங்க.

இன்னா சத்தம்? எங்க? ஓ, அதுவா. மாடு. பனில மாடுங்க சூடு தேடி வண்டிகிட்ட வந்து ஒரசும். இன்ஜின் ஓடுதில்ல, பானெட்டு சூடா இருக்கும், அதுக்கு. பேச்சு சத்தமா? மாடு மேய்க்கறவங்க இருப்பாங்க. மாடு இருந்தா ஆளும் இருக்கும். எதுக்கு மேஸ்திரி இவ்ளோ பயம், காப்பி எஸ்டேட்டுக்குப் போறவங்களுக்கு?

கதவு தொறக்காது. அதயும் என் பக்கத்துலேருந்து லாக் பண்ணிட்டன். உக்காருங்க. ஃபோனா, பண்ணுங்க. இங்க டவர் கெடையாது, டீக்கடை மேட்டுல ஏறணும். அதுவும் ஒரு காலத் தூக்கிக்கினு நின்னாதான்.

முள்ளப் பாருங்க. நடுவுல நிக்கிது. ஆமா, இப்ப வரல. அது வந்து ரொம்ப நேரம் ஆச்சி. நீங்க கோடாலிக்கு கெளை வெட்டற கத சொல்லிக்கினு இருக்கும்போதே வந்துடுச்சி. உங்களுக்கு முள்ளப் பாக்கத் தெரியாது, சொல்றவன் சொன்னா நம்பிக்கினீங்க.

உண்மைய சொல்லட்டுமா மேஸ்திரி? இந்த மாதிரி வண்டிய நின்ன எடத்துல சூடேத்தவே தேவையில்ல. ரவ நேரம் ஓடவுட்டு மெதுவா எடுத்துக்கினு போனா, போற வழிலயே சீக்கிரமா ஏறிக்கும். நின்னாதான் ஏறாது. கலையரசன் பண்றதுதான் சரி. அவன திட்டுனதுக்கு அப்பறமா ஒரு டீ வாங்கிக் குடுத்துடறன். எனக்கு நேரம்தான் வேணும். பசங்களோட ஊரு கீழ்வளவு, அங்கேருந்து இங்க ஏறி வரணும்னா குறுக்குப் பாதைல கூட நல்ல நேரம் புடிக்கும். அதுவும் பனில, வயசான பொம்பளைங்க, மாசமா இருக்கற பொண்ணு, இடுப்புல புள்ள வெச்சிக்கினு இருக்கறவங்க. ராஜாம்பாக்கா என்ன எழுப்பறதுக்கு மின்னாடியே அவுங்களுக்கு ஆளு அனுப்பிட்டாங்க.

கண்ணாடில ஆவி மூடுனதும் அதுவா மூடல. இந்த பட்டன் பாருங்க, கார் படம் போட்டு உள்ளுக்குள்ளயே சுத்தற அம்பு. இத்த அமுக்கி வெச்சா உள்ள காத்தே உள்ள சுத்தும், கண்ணாடி மூடிக்கும். நான் ஏறுனதும் மொத வேலையா அமுக்கிட்டன். இப்ப எடுத்துடறன். சூடோட சேத்து ஏசியயும் போடறன், காத்த மேல கண்ணாடி பக்கம் திருப்பறன். தியாகதுருகத்துக்காரரு செஞ்சதுல பாதி சரி, பாவம். தோ, தெளிய ஆரம்பிச்சிடுச்சி. அடிலேருந்துதான் தெளியும்.

மாடு இல்ல. பொடவ. வெறும் காலு. நீங்க செருப்பு போட்டுக்கினே நடுங்குனீங்க, அவுங்க பனில வெறும் கால்ல நிக்கிறாங்க பாருங்க. நேரா நிக்கிறது கொளஞ்சியம்மா, இளமாறனப் பெத்தவங்க. பக்கத்துல முதுகுல கைய வெச்சிக்கினு நிக்கிறது சுபஸ்ரீ. பின்னாடி பாக்காதீங்க, பின்னாடியும் இருக்காங்க. எல்லாப் பக்கமும் இருக்காங்க.

அடிக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. பசங்கள எறக்கிக்குவாங்க. போலீஸுக்கு சொல்றதா வேணாமான்னு அவுங்க பேசி முடிவு பண்ணட்டும், அது என் வேலை இல்ல. டேய் இளமாறா. எழுந்துரு. அய்யப்பா, அவன உலுக்குடா. உங்கம்மா வந்திருக்காங்க. போர்வய எடுத்துக்கினு எறங்கு, பொண்டாட்டிக்குப் போத்தி உடு மொதல்ல. வெக்கம் கெட்டவனே.

உங்க பக்கத்து கண்ணாடிய தட்டறது யாருன்னு பாக்கறீங்களா? அவள உங்களுக்குத் தெரியாது. அவ வூட்டுக்காரன உங்களுக்குத் தெரியும். அம்மாசி. நெத்தில வெட்டுத் தழும்பு, சிரிச்சா தெத்துப் பல்லு தெரியும். போன தைக்கு மின்ன தைல, இதே மாதிரி ஒரு வெடியக்காத்தால, மொளகு பறிக்கற வேலைன்னு சொல்லி வேன்ல ஏத்திக்கினு போனீங்க. அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. அப்பறம் நான்தான் போயி தேடுனன். ஆந்திரால ஜெயிலு ஜெயிலா கேட்டன். ஆஸ்பத்திரில பொணத்து மேல மூடி இருக்கற துணிய ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தன். அவனா இருக்கக் கூடாதுன்னு தூக்கனன். அவன் இல்லன்னதும், இவனாவது அவனா இருந்திருக்கக் கூடாதான்னு நெனச்சன். அப்டி நெனச்சதுக்கு உங்கள நான் மன்னிக்க மாட்டன்.

அவ என் தங்கச்சி, சாலம்மா.

அவ கத்த மாட்டா. காச கேக்க மாட்டா. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னுதான் இந்தப் பனில ஏறி வந்திருக்கா. அவ கழுத்துல கெடக்குதே, அத்த வெச்சிக்கறதா, கழட்டறதா? கண்ணாடிய எறக்கறன் மேஸ்திரி. அவ மூஞ்சியப் பாத்து சொல்லுங்க.